காரணம் கேட்காத முகம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. இதை வாங்கிப் படிப்பவர் பிழைகளைத் திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திருத்துங்கள், நடந்ததை மட்டும் நான் எழுதியபடியே விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் இருபத்திரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட் ஆள். சிமெண்டை மூட்டையில் அடைக்கிற இடத்தைப் பேக்கிங் பிளாண்ட் என்பார்கள். அங்கே மூட்டைகள் நகர்ந்து போகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதைக் கூட்டி அள்ளுவது என் வேலை. அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

நான் கூச்சப்படுகிறவன். ஓட்டலில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றுங்கள் என்று கேட்க வாய் வராது, மிச்ச இட்லியை வெறுமனே தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். பஸ்ஸில் எங்கள் ஊரில் நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

சிமெண்டிலேயே புழங்கினால் விரல் ரேகை தேய்ந்துபோகும். ஆலையில் கைரேகை மிஷின் வைத்த காலத்தில் என் விரலுக்கு அது பச்சை விளக்குக் காட்டியதே இல்லை. "மீண்டும் முயற்சிக்கவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். என்னோடு அதே பெல்ட்டில் வேலை செய்கிற ஒருவன் உண்டு. உறவு கிடையாது, ஆனாலும் ஒருவரை ஒருவர் பங்காளி என்றுதான் கூப்பிடுவோம். அவன் சொல்வான்: "பங்காளி, நீ தாராளமா ஒரு கொலை பண்ணலாம்யா. போலீசு தலகீழா நின்னாலும் ரேகை கெடைக்காது."

ரேகை விழாதவர்களுக்கு டைம் ஆபீஸ் ஜன்னல்தான் கதி. கம்பி வைத்த ஒரு ஜன்னல், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஒரு பெண். எங்கள் வருகை, லீவு, கேட் பாஸ், கிழிந்த ஷூவுக்கு மாற்று ஷூ எல்லாம் அவர் வழியாகத்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது, கம்பு ஊன்றித்தான் நடப்பார். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து கம்பெனி வேன் என்று தினமும் மூன்று வண்டி மாறி வந்தார். "உக்காந்து பாக்கற வேல கெடைச்சிருக்கேண்ணே, அதுக்கு எவ்ளோ தூரம் வந்தா என்ன" என்பார்.

எல்லோரும் போன பிறகுதான் நான் ஜன்னலுக்குப் போவேன். முதல் தடவையே அவர் அதைக் கண்டுகொண்டார்.

"என்னண்ணே, தூணுக்குப் பின்னால நின்னா எனக்குத் தெரியாதா? வாங்க. லீவா?"

தலையாட்டினேன்.

"நாளைக்கா? வூட்ல விசேஷமா, ஒடம்புக்கு முடியலையா?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். டைப் அடித்துவிட்டு, அடித்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். "இன்னார், வயிற்று வலி காரணமாக, ஒரு நாள் விடுப்பு. சரியாண்ணே? அனுப்பட்டா?" என்னைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ தாளில் எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதினேன் என்று எனக்கு வாசித்துக் காட்டியவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு நான் வாய் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர் கேட்பார், நான் தலையாட்டுவேன்.

போன பொங்கல் கழிந்து சென்னையிலிருந்து ஒரு சார் வந்தார். கம்ப்யூட்டர் பிரிவு என்றார்கள். சின்ன வயது. அவரைக் கெட்டவர் என்று எழுதினால் என் கை அழுகிவிடும். பேக்கிங் பிளாண்டுக்குள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, எங்களோடு ஒரு ஷிப்டு முழுக்க நின்று பார்த்தார். என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சு எப்படிங்க ரேகை மிஷின் குடுத்தாங்க?" என்று அவராகவே வருத்தப்பட்டார். ரேகை மிஷினை எடுத்துவிட்டு, ஸ்லேட் அளவில் தொடுதிரை உள்ள ஒரு டேப்பைச் சுவரில் மாட்டினார். முகத்தைக் காட்டினால் வருகை ஏறும். லீவு, ஷூ, கேட் பாஸ் எல்லாம் அதிலேயே அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

அவர் எதையும் மறைக்கவும் இல்லை. கேண்டீனில் எல்லோரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"ஜன்னல் கம்ப்யூட்டருக்கு வருஷா வருஷம் ஒரு கட்டணம். இந்த டேப்புக்கு ஆள் தலைக்கு மாசா மாசம் ஒரு கட்டணம். ரெண்டுத்தையும் ஓட்ட ஹெட் ஆபீஸ் சம்மதிக்காதுங்க. கொஞ்ச நாள் ரெண்டும் இருக்கட்டும். உங்களுக்கு எது ஒத்துவருதோ அத வச்சுக்குவோம்."

அன்றைக்கு டீ நேரத்தில் ஜன்னல் தங்கச்சி என்னிடம் சொன்னார்: "ஆவணி வரைக்கும் பாப்பாங்களாம்ணே. டேப்பு உங்களுக்கு ஒத்துவரலைன்னா நானும் இருப்பேன். ஒத்துவந்துருச்சுன்னா எனக்கு இந்த நாற்காலி இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தலையைக்கூட ஆட்டவில்லை.

டேப் எங்களுக்கு ஒத்துவரவில்லை. தூசி படிந்த விரலை அது தொடுதலாகவே எடுத்துக்கொள்ளாது. ஹெல்மெட், முகமூடி எல்லாம் கழற்றி முகம் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ரகசிய எண்ணை மாற்றச் சொல்லும். நான் யோசித்து யோசித்து அமுக்குவதற்குள் திரை இருண்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. "என் பொண்டாட்டிகூட இத்தன கேள்வி கேட்டதில்ல. அவ பதில் சொல்லலைன்னாலும் சோறு போடுவா, இது போடமாட்டேங்குது" என்று பங்காளி அதன் முன்னால் நின்று திட்டுவான்.

வருகைக்கு மட்டும் முகத்தைக் காட்டிவிட்டு, மற்றதற்கெல்லாம் ஜன்னலுக்கே போனோம். ஆனால் லீவுக் கணக்கு இரண்டு இடத்தில் இருக்கக் கூடாதென்று அவருடைய கம்ப்யூட்டரிலும் புது முறையைத்தான் போட்டிருந்தார்கள். எங்கள் எண்ணையும் ரகசிய எண்ணையும் கேட்டு, எங்கள் பெயரிலேயே உள்ளே போய் லீவு போட்டுக் கொடுத்தார். "நான் போடறதெல்லாம் நீங்களே போட்டதாத்தான்ணே ஏறுது" என்று ஒரு நாள் சொன்னார். அப்போது அதன் அர்த்தம் எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாள் லீவு தவறிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

ஆடி மாதம் ஒரு நாள், காலை ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வருகிறோம். வாசலில் கம்பெனி பஸ் நின்று உறுமிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு எப்படியோ வரிசையில் நான் முதல் ஆளாகிவிட்டேன். டேப்பில் முகத்தைக் காட்டியதும் வழக்கமாக வருகிற 'சென்று வாருங்கள்' வரவில்லை. ஐந்து முகங்கள் வந்தன. முதல் முகம் அழுதது, கடைசி முகம் பல் தெரியச் சிரித்தது. மேலே, புதிய முறை உங்களுக்கு எளிதாக உள்ளதா என்று தமிழில் எழுதியிருந்தது. ஒன்றை அமுக்கினால்தான் வெளியே விடும்.

நான் அழுகிற முகத்தைத்தான் அமுக்கினேன். அது உண்மை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அமுக்கியதும் ஒரு வெள்ளைப் பெட்டி திறந்தது. 'காரணத்தை எழுதவும்' என்றது. கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள். விரல் என்று எழுதலாமா, இருட்டு என்று எழுதலாமா, எதிலிருந்து தொடங்குவது? தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது. எனக்குப் பின்னால் நாற்பது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். என் முதுகு முழுக்கக் கண் வைத்தது போல இருந்தது.

"என்னய்யா அங்க, பத்திரமா எழுதிக்கிட்டிருக்க? பஸ்ஸு கெளம்புது!" பங்காளியின் குரல்தான்.

நான் பின்னால் போகிற அம்பை அமுக்கினேன். மறுபடி ஐந்து முகம். நடுவில் இருந்ததை அமுக்கிப் பார்த்தேன், அதற்கும் பெட்டி வந்தது. நான்காவதுக்கும் வந்தது. கடைசியில் சிரிக்கிற முகத்தை அமுக்கினேன். பெட்டி வரவில்லை. ஒரு பூ விரிந்து நன்றி என்றது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்தவன் பேசாமல் பஸ் ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை. பங்காளிக்கு எழுதப் படிக்கவே வராது. அவனும் அப்படி நின்று அவமானப்பட வேண்டாமே என்று திரும்பிச் சொன்னேன்: "அழுகிறத அமுக்காதய்யா, காரணம் கேக்கும். கடைசி மூஞ்சிய அமுக்கு. ஒண்ணும் கேக்காது."

அவன் கைதட்டினான். "டேய், எல்லாரும் கடைசி மூஞ்சிய அமுக்குங்கடா! பங்காளி கண்டுபிடிச்சிட்டான்!"

வரிசை ஓட ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு பூ, பஸ். பஸ்ஸில் என் தோளைத் தட்டிக்கொண்டே போனார்கள். "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான்யா வாயத் தொறந்து ஒரு நல்ல சமாச்சாரம் சொல்லியிருக்கான்" என்று பங்காளி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். மற்ற இரண்டு ஷிப்டுக்கும் அன்றைக்கே செய்தி போய்விட்டது. நான் சொன்ன ஒரு பேச்சை அத்தனை பேர் கேட்டு நடந்தது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

ஜன்னலுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேண்டீனில் சாப்பாடு எப்படி என்று கேட்டு இதே மாதிரி முகங்கள் உள்ள ஒரு மிஷின் வெகுநாளாக இருந்தது. அதில் யார் எதை அமுக்கினாலும் சாம்பார் மாறியதில்லை. இதுவும் அது மாதிரி ஒரு விளையாட்டு என்று எண்ணிவிட்டோம். எங்களிடம் கேட்டு எதையும் முடிவு செய்த வழக்கம் அங்கே இல்லை. அதனால் ஒருவர் உண்மையிலேயே கேட்டபோது எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

ஆவணியில் சென்னை சார் மறுபடி வந்தார். கேண்டீன் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். சிரித்த முகத்துக்குப் பச்சை, அழுத முகத்துக்குச் சிவப்பு என்றார். பட்டை முழுக்கப் பச்சை. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"நான் திட்டு வாங்கத் தயாராத்தாங்க வந்தேன். பேக்கிங் பிளாண்ட்ல ஒரு சிவப்புகூட இல்ல. லீவெல்லாம்கூட நீங்களே போட்டுக்கிட்டிருக்கீங்க. ரொம்ப நன்றிங்க." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அதனால இந்த மாசக் கடைசியோட ஜன்னலை மூடறோம். அதுல மிச்சமாகறத வேற எங்கயும் கொண்டுபோக மாட்டோம். இன்னொரு டேப்பு, வரிசையில நிக்கறவங்களுக்கு ஒரு ஃபேன், இங்கயே போட்டுத் தரேன்."

கேண்டீன் வாசலில் அந்தத் தங்கச்சி கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் சாரைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார், ஒவ்வொரு மேஜையாக.

 லீவை யார் போட்டது என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சொன்னால் ரகசிய எண்ணை அடுத்தவரிடம் கொடுத்ததற்கு நடவடிக்கை வருமோ, பொய்யாகச் சிரித்ததற்குக் காண்ட்ராக்டர் சீட்டைக் கிழிப்பாரோ என்று அவரவருக்கு அவரவர் பயம்.

சார் விடவில்லை. "யாருக்காவது கஷ்டம் இருந்தா இப்பவும் சொல்லலாம். பேரு எழுதமாட்டேன். ஒருத்தர் சொன்னாலும் நான் ஹெட் ஆபீஸ்ல பேசிப் பாக்கறேன்."

ஒருத்தர் சொன்னாலும் என்றார். நான் எழுந்தேன். என் கால் தானாகவே எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெஞ்சு கிரீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சொல்ல வேண்டியது வெறும் நாலு வார்த்தை. எங்களால் முடியவில்லை, அவர்தான் போட்டார். முதல் வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பங்காளி, எந்திரிச்சிட்ட? சாருக்கு டீ எடுக்கப் போறியா? அப்படியே எனக்கும் ஒண்ணு!" என்றான் பங்காளி. கேண்டீனே சிரித்தது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அப்படி நின்றால் எப்போதும் ஏதாவது சொல்லி என்னை உட்கார வைப்பது அவன் வழக்கம்.

நான் போய் டீ எடுத்து வந்தேன். உண்மையாகவே எடுத்து வந்தேன். சார் இரண்டு கையாலும் கிளாஸை வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ்ணே. உங்க கைய நான் மறக்கல. இப்ப உங்களுக்குச் சவுகரியம்தானே?"

தலையாட்டினேன்.

மாதக் கடைசியில் ஜன்னல் தங்கச்சி நாற்காலித் திண்டையும் காலண்டரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். போவதற்கு முன்னால், டேப்பில் முதலில் எதை அமுக்க வேண்டும், அடுத்து எதை என்று பெரிய பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி என்னிடம் தந்தார். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, அந்தப் பலகையிலேயே இரண்டாவது டேப்பை மாட்டினார்கள். சொன்னபடி ஃபேனும் வந்தது. நன்றாகவே ஓடுகிறது.

ஐப்பசியில் என் கை வெடிப்பு சீழ் வைத்துவிட்டது. பெரம்பலூரில் தோல் டாக்டரைப் பார்க்கப் போனேன். அன்றைய லீவை அட்டையைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன். எங்கேயோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது, பிறகு பார்த்தால் ஆப்சென்ட். அது கிடக்கட்டும். டாக்டரைப் பார்த்துவிட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். அவர்தான்.

ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம். பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குகிற வேலை.

"உக்கார விடமாட்டேங்கறாங்கண்ணே. கேமரா வச்சிருக்காங்க. நல்ல காலும் வீங்கிப்போச்சு. இந்த மாசம் தாண்டுவேனான்னு தெரியல." பிறகு என் கையைப் பார்த்தார். "உங்களுக்கு என்னண்ணே இது, இப்படி ஆகிருக்கு? யாரு லீவு போட்டுக் குடுத்தா?"

"நானே போட்டேம்மா."

"பரவால்லையே!" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டாண்ணே? அந்த மூஞ்சி போட்டாங்கள்ல. அத்தன பேர்ல ஒருத்தருக்குக்கூடவா நான் இருக்கணும்னு தோணல? ராத்திரி படுத்தா இதாண்ணே மனசுல ஓடுது. வேல போனதுகூட இல்ல. ஒருத்தர்கூடவா?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் உங்களை வேண்டாம் என்று நினைக்கவில்லை, காரணம் எழுத வராமல்தான் அத்தனை பேரும் சிரித்தோம், அந்த வழியைக் காட்டியவன் நான்தான் என்று. அதைக் கேட்டிருந்தால் என்னைக் காறித் துப்பியிருப்பார், ஆனால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

"நான் அழுகிறதத்தாம்மா அமுக்கினேன்" என்றேன்.

அவர் கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியும்ணே. நீங்க மட்டும் அமுக்கியிருப்பீங்கன்னு எங்கம்மாகிட்டக்கூடச் சொன்னேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப அந்தப் படத்துல ஒரு சிவப்பாவது இருந்திருக்கணுமே? பாத்தீங்களா, மறைச்சிருக்கான். சிரிச்சு சிரிச்சுப் பேசினான், செலவக் கொறைக்கணும்னு உங்களோட ஒண்ணையும் அழிச்சிட்டான். நல்லவன்னு நெனச்சேனேண்ணே அவன. அவன் வெளங்குவானா?"

அரியலூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அவர் நின்ற பக்கம் ஜன்னல் ஓரத்தில் இடம் இருந்தும் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.

அந்த சார் எதையும் அழிக்கவில்லை. அழிப்பதற்கு எங்களில் ஒருவர்கூட அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்து வருத்தப்பட்ட மனிதரை, ஒரு பெண் குரும்பலூரில் உட்கார்ந்து சபித்துக்கொண்டிருக்கிறார். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மூன்று தடவையும் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், பெரம்பலூர் பஸ் ஒன்றிரண்டைப் போகவிட்டு, வீட்டுக்குத் திரும்பினேன். இன்றைக்குக் கிளம்பவே இல்லை. காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதினேன்.

2025 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை.